சி.ஓ.பி.டி.: யாருக்கு வருகிறது, கூடவே எதையெல்லாம் இழுத்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

1. சி.ஓ.பி.டி.ன்னா என்ன? ஆஸ்துமாவும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. இரண்டிலும் மூச்சுக்குழாய் சுருங்குகிறது, வீசிங் வருகிறது, இன்ஹேலர் கொடுக்கிறார்கள். அதனால்தான் குழப்பம். ஆஸ்துமாவில் அந்தச் சுருக்கம் வந்து வந்து போகும். நல்ல நாளில் நுரையீரல் கிட்டத்தட்ட முழுதாகத் திறந்துவிடும். சி.ஓ.பி.டி.யில் அடைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மருந்து போட்டாலும் ஓரளவுதான் விரியும்.

அடைப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, மூச்சுக்குழாயின் சுவர் தடித்துச் சளி கோத்துக்கொள்வது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று மாதமாவது சளியுடன் இருமல் இருந்தால் அது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. இன்னொன்று எம்ஃபைசிமா: காற்று நுண்ணறைகளின் சுவர்கள் கரைந்து, பல சின்ன அறைகள் ஒரே பெரிய ஓட்டையாகிவிடுகின்றன. மூச்சை வெளியே விடும்போது சின்னக் குழாய்களைத் திறந்து பிடித்திருப்பவை அந்தச் சுவர்கள்தான். அவை போய்விட்டால் குழாய் மடிந்துகொள்ளும், காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். 'மூச்சை இழுக்க முடியலை' என்று பலரும் சொன்னாலும், உண்மையில் அவர்களால் முடியாதது மூச்சை முழுதாக விடுவதுதான்.

2. எக்ஸ்-ரே நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு ஊதிப் பார்க்கச் சொல்றாங்க?

ஆரம்ப நிலை சி.ஓ.பி.டி. எக்ஸ்-ரேயில் தெரியாது. வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்-ரே. இந்த நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை.

மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் இழுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றை, மொத்தமாக வெளியேறும் காற்றால் வகுக்கிறார்கள். விடை 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. 0.60-க்கும் 0.80-க்கும் நடுவில் வந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போவார்கள்.

இந்தச் சோதனை தப்பாவது பெரும்பாலும் ஊதுவதில்தான். மெதுவாகத் தொடங்குவது, இரண்டு மூன்று விநாடியில் நிறுத்திவிடுவது, உதட்டோரம் காற்று கசிவது எல்லாமே விடையைக் கெடுக்கும். வெடிப்பது போலத் தொடங்கி, குறைந்தது 6 விநாடி விடாமல் ஊத வேண்டும். சரியாக அமைந்த மூன்று ஊதலாவது இல்லாத அறிக்கையை நம்பி வாழ்நாள் மருந்தைத் தொடங்கக் கூடாது.

3. ஒரு நாளைக்கு அஞ்சாறு சிகரெட்தான். அதுக்கே வந்துடுமா?

ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்குவார்கள். இதற்கு 'பேக்-வருடம்' என்று பெயர். ஒரு பாக்கெட் என்றால் 20 சிகரெட். தினம் 10 வீதம் 30 வருடம் பிடித்தவருக்கு 15 பேக்-வருடம். தினம் 5 வீதம் 40 வருடம் என்றால் 10.

கூடக்கூட ஆபத்து ஏறும். ஆனால் இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று ஒரு கோடு கிடையாது. ஒரே அளவு பிடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. அடுத்த இரண்டு கேள்விகளில் வருபவை சேரும்போது தராசு சாய்கிறது. சுருட்டு, பீடி, ஹூக்கா எதற்கும் விலக்கு இல்லை. வீட்டில் மற்றவர் விடும் புகையும் கணக்கில் சேரும்.

4. வாழ்க்கையில ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை. எனக்கு எப்படி வந்துச்சு?

புகையிலைதான் முதல் காரணம், ஒரே காரணம் அல்ல. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. காற்றோட்டமில்லாத இடத்தில் விறகு, கரி, வறட்டி எரித்து வருடக்கணக்கில் சமைத்தீர்களா? கல் உடைக்கும் இடம், சுரங்கம், பஞ்சாலை, வெல்டிங், தானியக் கிடங்கு என்று தூசியும் புகையும் உள்ள வேலை பார்த்தீர்களா? ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.

காசநோய் வந்து குணமாகியிருந்தால் அதுவும் முக்கியம். கிருமி போனாலும் தழும்பு நிற்கும், அந்த இடத்து மூச்சுக்குழாய்கள் கோணலாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குப் புதிதாகக் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை வந்தால் 'பழைய தழும்புதான்' என்று விடாமல் சளியை மறுபடி சோதிக்க வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று குழந்தைப் பருவம். நுரையீரல் சுமார் 20 முதல் 25 வயது வரை வளர்ந்து உச்சத்தைத் தொடுகிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. குறைமாதப் பிறப்பு, குறைந்த பிறப்பு எடை, சிறுவயதில் கடுமையான நிமோனியா, கட்டுப்படாத ஆஸ்துமா, வீட்டுப் புகை ஆகியவற்றால் அந்த உச்சத்தையே தொடாதவர்கள் உண்டு. அவர்கள் இறங்கத் தொடங்குவதே தாழ்வான படியிலிருந்து. மற்றவர்கள்போல சாதாரண வேகத்தில் இறங்கினாலும் அடைப்பின் எல்லைக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

5. அப்பாவுக்கு இருந்துச்சு. இது பரம்பரை வியாதியா?

பெரும்பாலும் குடும்பத்தில் பொதுவாக இருப்பது புகைதான். ஆனால் நிஜமாகவே மரபணுவில் வரும் ஒரு வகை உண்டு: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. 1963-ல் சுவீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். வெள்ளணுக்கள் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி நுரையீரலையே அரித்துவிடாமல் தடுப்பது இந்தப் புரதம். கல்லீரலில் உற்பத்தியாகிறது. கோளாறான வகை அங்கேயே தேங்கிவிடுவதால் கல்லீரலும் கெடலாம்.

45 வயதுக்குள் எம்ஃபைசிமா, புகைக்காதவருக்கு எம்ஃபைசிமா, சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகச் சேதம், காரணம் தெரியாத கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ள எல்லோருக்குமே வாழ்நாளில் ஒரு முறை இந்த இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இருப்பது தெரிந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் யாராவது புகைத்தால் நிறுத்த இதைவிட வலுவான காரணம் கிடையாது.

6. முப்பது வருஷம் பிடிச்சாச்சு. இப்போ விட்டு என்ன ஆகப் போகுது?

போனது திரும்பாது. ஆனால் போகும் வேகம் பாதியாகும். ஆரம்ப நிலை சி.ஓ.பி.டி. உள்ளவர்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த வட அமெரிக்க ஆய்வில், புகையைத் தொடர்ந்த ஆண்களுக்கு முதல் விநாடி மூச்சு ஆண்டுக்குச் சுமார் 66 மி.லி. குறைந்தது, விட்டவர்களுக்குச் சுமார் 30 மி.லி. பத்தாண்டில் வித்தியாசம் மூன்றில் ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. மாடி ஏற முடிகிறவர், முடியாதவர் என்ற வித்தியாசம் அது. இந்த இறக்கத்தை இந்த அளவு மாற்றும் இன்ஹேலர் எதுவும் இல்லை.

மனஉறுதியால் மட்டும் விட முயல்பவர்கள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம், வெரனிக்லின், புப்ரோப்பியான் மாத்திரைகள் எல்லாம் அதற்காகவே இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். விட்ட முதல் சில வாரம் இருமல் கூடலாம்.

7. நுரையீரல்ல வியாதி. எதுக்கு ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எழுதுறாங்க?

சி.ஓ.பி.டி. தனியாக வருவது அபூர்வம். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, தாறுமாறான இதயத்துடிப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை கூடவே வரும். புகையும் வயதும் இரண்டுக்கும் பொதுவான காரணம். அதோடு உடல் முழுக்க ஓடும் அழற்சியும், காற்று மாட்டிக்கொண்டு உப்பிய நுரையீரல் இதயத்தை நெருக்குவதும் சேர்கின்றன. லேசான, நடுத்தர நிலை சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் நிறைய பேர் இறப்பது மூச்சுக் கோளாறால் அல்ல, இதய நோயாலும் புற்றுநோயாலும்தான்.

இதிலுள்ள சிக்கல், இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்று. நடந்தால் இளைப்பு, படுத்தால் இளைப்பு, இரவில் இருமல். 'எனக்குத்தான் சி.ஓ.பி.டி. இருக்கே' என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டு, பஃப் மேல் பஃப் அடித்துக்கொண்டே இதய நோயை வளர்த்துவிடுகிறார்கள். தலையணை எண்ணிக்கை கூடுகிறதா, படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுகிறீர்களா, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியதா என்று கவனியுங்கள். இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். உப்பிய நுரையீரல் மறைப்பதால் எக்கோ படம் சில சமயம் தெளிவாக வராது. அப்போது இதயம் திணறுகிறதா என்று காட்டும் பி.என்.பி. இரத்தப் பரிசோதனை உதவும்.

8. ஹார்ட் டாக்டர் பீட்டா பிளாக்கர் கொடுத்திருக்கார். மூச்சு நோய்க்கு அது ஆகாதுன்னு சொல்றாங்களே?

இது பழைய பயம், பாதிதான் சரி. பீட்டா பிளாக்கர் இதயத்துடிப்பைத் தணிக்கும் மருந்து. அதில் உடலில் எல்லா இடத்திலும் வேலை செய்யும் வகை உண்டு, இதயத்தைக் குறிவைக்கும் வகை உண்டு. புரோப்ரனலால் முதல் வகை; மூச்சுக்குழாயைச் சுருக்கும், தவிர்க்க வேண்டும். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் இரண்டாம் வகை. மாரடைப்போ இதயச் செயலிழப்போ இருந்தால் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கும் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். இதயத்துக்குத் தேவையில்லாதவருக்குச் சி.ஓ.பி.டி.க்காகவே கொடுப்பதில் பலன் இல்லை.

எல்லோரும் மறக்கும் இடம் கண். கண் அழுத்த நோய்க்குப் போடும் டைமலால் சொட்டு மருந்தும் முதல் வகைதான். சொட்டுதானே என்று மருந்துப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து இளைப்பைக் கூட்டும்.

9. சாயங்காலமானா கால் வீங்குது. சிறுநீரகமா?

இருக்கலாம். ஆனால் முதலில் வேறு இரண்டைப் பாருங்கள். ஆக்சிஜன் நாள்பட்டுக் குறைந்தால் நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்கி அங்கே அழுத்தம் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துவிடும். கால் வீக்கம், கழுத்து நரம்பு புடைப்பு, வயிறு உப்புதல் அதன் அடையாளங்கள். இரண்டாவது, பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அதன் பக்கவிளைவாகவே கணுக்கால் வீங்கும், நோய் எதுவும் இருக்காது.

ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு கதை, இரத்தக் கட்டாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

10. சாப்பிடுறேன், ஆனாலும் உடம்பு இளைச்சுக்கிட்டே போகுது. ஏன்?

மூச்சு விடுவதே உழைப்பாகிவிட்டது, அதற்கே சக்தி செலவாகிறது. இளைப்புக்குப் பயந்து நடப்பதைக் குறைக்கிறீர்கள், தொடைத் தசை கரைகிறது, கரைந்த தசை சீக்கிரம் களைக்கிறது, இன்னும் குறைவாக நடக்கிறீர்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 21-க்குக் கீழே போவது இந்த நோயில் கெட்ட அறிகுறி. வயிறு நிறையச் சாப்பிட்டால் உதரவிதானம் அழுந்தி மூச்சு முட்டும். ஐந்தாறு வேளையாகப் பிரித்து, புரதம் கூட்டிச் சாப்பிடுங்கள்.

இதற்கு மருந்து நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. வாரம் இரண்டு முறையாவது, 6 முதல் 8 வாரம். நடை, சைக்கிள், கை கால்களுக்கு எடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி. ஸ்பைரோமெட்ரி எண் அசையாது. ஆனால் நடக்கும் தூரம் கூடும், இளைப்பு குறையும். எழுதிக் கொடுப்பதும் குறைவு, கேட்டு வாங்குவதும் குறைவு. நம் கணக்கில் இந்த நோயில் மிகவும் வீணாகும் மருந்து இதுதான். திடீரென எடை குறைந்தால் மட்டும் இதை நோயின் போக்கு என்று நினைக்காதீர்கள், 14-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

11. ஸ்டீராய்டு இன்ஹேலர் எலும்பைக் கரைச்சு, சுகரைக் கொண்டு வந்துடுமா?

இன்ஹேலரில் போகும் அளவு சிறியது. அதன் உண்மையான தொல்லைகள் வாயில் வெண்படலம், குரல் கம்மல், நிமோனியா வாய்ப்பு சற்றுக் கூடுவது. இழுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பினால் முதல் இரண்டும் பெரிதும் குறையும். எல்லோருக்கும் ஸ்டீராய்டு தேவையும் இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் முற்றுபவருக்கு (அதாவது திடீரென இளைப்பும் சளியும் கூடுபவருக்கு) நல்ல பலன் தரும். 100-க்குக் கீழே இருப்பவருக்குப் பெரும்பாலும் பலன் இருக்காது.

எலும்பையும் சுகரையும் பாதிப்பது முக்கியமாக மாத்திரை ஸ்டீராய்டு. நோய் முற்றும்போது ப்ரெட்னிசலோன் 40 மி.கி. வீதம் 5 நாள் போதும். மீதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இளைக்கும்போதெல்லாம் நாமாகவே போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. ஸ்டீராய்டே தொடாதவருக்கும் புகை, நடமாட்டக் குறைவு, மெலிவு சேர்ந்து எலும்பு தேயும். முதுகெலும்பு நசுங்கினால் கூன் விழுந்து மார்புக்கூடு சுருங்கும், மூச்சு இன்னும் குறையும். உயரம் குறைந்திருந்தாலோ, இருமியதில் விலா எலும்பு விரிசல் விட்டாலோ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள்.

12. மூச்சு வாங்கினா பயம் வருது, பயந்தா இன்னும் வாங்குது. இது மனசா, நுரையீரலா?

இரண்டும். பயத்தில் மூச்சு வேகமாகும். வேகமானால் முழுதாக வெளியேற நேரம் இல்லை. 1-ஆம் பதிலில் சொன்னபடி காற்று உள்ளே மாட்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கு வழியே இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். பயம் வந்த பிறகு கற்க முடியாது, நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயில் மிகச் சாதாரணம். கேட்டால்தான் வெளியே வரும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மருந்தை விட்டுவிடுவது, வெளியே போகாமல் இருப்பது, தூங்காமல் இருப்பது சோம்பல் அல்ல. சிகிச்சை உண்டு.

13. நைட்டு தூக்கமே இல்லை. தூக்க மாத்திரை போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். பல தூக்க மாத்திரைகளும் ஓபியாய்டு வலி மருந்துகளும் மூச்சைத் தூண்டும் மூளைப்பகுதியை மந்தமாக்கும். கரியமில வாயு ஏறும். ஏன் தூக்கம் இல்லை என்று பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது இருந்தால் தூக்க மூச்சுத்தடை இருக்கலாம். சி.ஓ.பி.டி.யும் அதுவும் சேர்ந்தால் இரவில் ஆக்சிஜன் மிக ஆழமாக இறங்கும். தூக்க ஆய்வு செய்து, தேவையானால் முகமூடிக் கருவி தருவார்கள். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் காரணமாகலாம். அமிலம் மேலேறுபவர்களுக்கு நோய் அடிக்கடி முற்றுகிறது.

14. இதுலேருந்து கேன்சர் வருமா?

சி.ஓ.பி.டி. புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் அதே அளவு புகைத்து நுரையீரல் நன்றாக இருப்பவரைவிட, எம்ஃபைசிமா உள்ளவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். சளியில் இரத்தம், இருமலின் தன்மை மாறுதல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் மாற்றம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, காரணமில்லாமல் எடை குறைவு ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2021 முதல் உள்ள பரிந்துரைப்படி, 50 முதல் 80 வயது, 20 பேக்-வருடம் அல்லது மேல், இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடம் ஆகாதவர் என்றால் ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்.

விரல் நகங்களையும் பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டிப் பிடித்தால், நகங்களின் அடியில் வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து விரல்நுனி உருண்டிருந்தால் அதைச் சி.ஓ.பி.டி. செய்யாது, வேறு ஏதோ இருக்கிறது, தேட வேண்டும்.

15. ஆக்சிமீட்டர்ல 91 காட்டுது. வீட்டுல ஆக்சிஜன் வெச்சுக்கலாமா?

91-க்குத் தேவையில்லை. நோய் முற்றாத அமைதியான காலத்தில், ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே, அதுவும் சில வாரம் கழித்து மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால்தான் நீண்டகால ஆக்சிஜன். இரத்த வாயுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். கொடுத்தால் நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். இளைக்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைப்பதில் அந்தப் பலன் கிடைக்காது.

அதிகம் வைப்பதும் தப்பு. கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு இலக்கு 88 முதல் 92. 'நூறு வரட்டும்' என்று குமிழைத் திருகினால் தூக்கக் கலக்கம் வந்து மயங்கிவிடலாம். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கை நடுக்கம் எண்ணைக் கெடுக்கும்; கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு கூடவே கூடாது.

16. சிகரெட்டை விட்டதிலேருந்து படபடப்பு, குமட்டல். விட்டது ஒத்துக்கலையா?

மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிறது; வாந்தி, நடுக்கம், தாறுமாறான துடிப்பு, வலிப்புகூட வரலாம். அளவைக் குறைக்க வேண்டும், சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தாலும் இதே கதைதான்.

17. திடீர்னு இளைப்பு கூடினா, அது வழக்கமான சி.ஓ.பி.டி. தானே?

பெரும்பாலும் ஆமாம். இளைப்பு கூடுதல், சளி கூடுதல், சளி மஞ்சள் பச்சையாக மாறுதல் ஒன்றிரண்டு நாளில் சேர்ந்து வந்தால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும், நியூமோகாக்கல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டால் இவை குறையும். முதலில் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்ப்ரே வகை என்றால் குலுக்கி, மூச்சை விட்டு, அழுத்தும்போதே மெதுவாக 4, 5 விநாடி இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்தால் எளிது. பொடி வகை நேர் எதிர்: பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். இரண்டும் கையில் உள்ளவர்கள் முறையை மாற்றிப் போட்டுக்கொள்வது சகஜம்.

சளி மாறாமல், காய்ச்சல் இல்லாமல், நிமிடக் கணக்கில் வந்த இளைப்பு என்றால் வேறு நினைக்க வேண்டும். ஒரு பக்க நெஞ்சில் குத்தலோடு வந்தால் நுரையீரலில் காற்றுக்குமிழ் உடைந்திருக்கலாம். கால் வீக்கத்தோடு வந்தால் இரத்தக் கட்டு. நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் மாரடைப்பு. நோய் முற்றிய முதல் சில நாட்களில் அதற்கான வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். உதடு நீலமாவது, ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் திணறுவது, பேச்சு குழறித் தூங்கி வழிவது இருந்தால் நெபுலைசரைத் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மருந்துச் சீட்டுகளையும், பழைய ஸ்பைரோமெட்ரி தாளையும், கண் சொட்டு உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.